எல்வுட் பாஸ்மோருக்கு ஒரு சங்கடம்

எதிர்ப்பவர்களை உங்களுக்குத் தெரியும். மேசையைத் தட்டுவார்கள், நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுவார்கள், கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியேறி, மறந்து வைத்த குடையை எடுக்க இரண்டு நிமிஷத்தில் திரும்பி வருவார்கள். அவர்களால் பெரிய ஆபத்து இல்லை. அவர்களோடு சண்டை போடலாம், ஜெயிக்கலாம், தோற்கலாம், மறுநாள் கடையில் பார்த்தால் அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொள்ளலாம். நான் சொல்லப்போவது வேறு ஓர் இனத்தைப் பற்றி. இவர் எதையும் எதிர்ப்பதில்லை. குரலை உயர்த்துவதில்லை. நீங்கள் கொண்டுவந்த யோசனையை உங்களைவிட அக்கறையாகக் கேட்பார், தலையை ஆட்டுவார், அதில் இருக்கிற நல்ல அம்சங்களை உங்களுக்கே எடுத்துச் சொல்வார். அதற்குப் பிறகு அந்த யோசனை உயிரோடு இருக்காது. இவருக்குக் கோபம் இல்லை, பகை இல்லை, சொந்த லாபம் எதுவும் இல்லை. ஒரு சங்கடம் இருக்கிறது. அவ்வளவுதான்.

சங்கடக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இவர் உலகம் முழுவதும் விளைகிறார் என்றாலும், பென்சில்வேனியாவில், ஒருவரையொருவர் நண்பர் என்று அழைக்கிற கிறிஸ்தவர்களான எங்கள் குவேக்கர் சபைகளில் விளைவது போல வேறெங்கும் விளைவதில்லை. மண் அப்படி. மற்ற இடங்களில் பத்துப் பேர் சரி என்று சொல்லி ஒருவர் தயங்கினால், கை தூக்கச் சொல்லி எண்ணிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் எண்ணுவதில்லை. எங்கள் சபையில் வாக்கெடுப்பே கிடையாது. எல்லோருடைய மனமும் ஒரே பக்கம் சாயும்வரை பெஞ்சுகளில் மௌனமாக உட்கார்ந்திருப்போம். ஒருவர் மனம் மட்டும் சாயாமல் நின்றால், எங்களுக்குக் கேட்காத ஏதோ ஒன்றைக் கடவுள் அவர் காதில் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கலாம் என்று அவருக்காகக் காத்திருப்போம். அழகான ஏற்பாடு. இதை ஏற்படுத்திய முன்னோர்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள், அடி வாங்கியிருக்கிறார்கள், கடல் கடந்து வந்திருக்கிறார்கள். எல்வுட் பாஸ்மோரை மட்டும் அவர்கள் சந்தித்ததில்லை.

எல்வுட் நிலம் அளக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உயரமானவர், ஒல்லி, முழங்கையில் தோல் ஒட்டுப் போட்ட சாம்பல் நிற ஸ்வெட்டர். எங்கள் சபைக்கூடத்துக்கும் அதன் பக்கத்திலிருக்கும் பள்ளிக்கும் நடுவில் நிற்கிற சிக்கமோர் மரங்களை நட்டவர் அவருடைய தாத்தா. இதை அவர் ஒருபோதும் சொல்லிக்காட்டியதில்லை. பேசும்போது அந்த மரங்கள் தெரிகிற ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசுவார். அது போதும்.

அவர் பேசுவதற்கு ஒரு முறை உண்டு. முந்தைய ஆள் பேசி உட்கார்ந்ததும் உடனே எழ மாட்டார். ஒரு மௌனம் விழவேண்டும். அது ஆழமாகி, எல்லோரும் சரி, முடிந்தது என்று மூச்சை விடுகிற நேரத்தில், இடது கையைப் பக்கவாட்டில் மெல்ல நீட்டுவார். அவருக்கு முழங்கால் வலி, பெஞ்சு தாழ்வு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி பிரிசில்லா அந்தக் கையைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கிவிடுவாள். நீண்டகாலப் பழக்கம்; அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தக் கை நீளுவதைக் கண்டதும் பின்வரிசையில் யாராவது எழுந்துபோய், மதிய விருந்துக்குத் திறந்து வைத்த பாத்திரங்களை மறுபடி மூடி வைப்பார்கள்.

எழுந்து நின்று ஜன்னலைப் பார்ப்பார். கண்ணை மூடுவார்.

"நண்பர்களே, எனக்கு ஆட்சேபம்னு எதுவும் இல்ல."

புதிதாக வந்தவர்கள் இந்த இடத்தில் புன்னகை செய்வார்கள். பாவம்.

"ஆனா உள்ள ஒரு சங்கடம் இருக்கு. அது என்னன்னு எனக்கே இன்னும் தெளிவாகல. அத உங்க மத்தியில வெச்சுட்டு உக்காந்துக்கறேன்."

வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார், அடுத்த வீட்டு வாசலில் பூனைக்குட்டியை விட்டுவிட்டு வருகிற மாதிரி. அதற்குப் பிறகு அந்தச் சங்கடத்துக்குப் பால் வைப்பது எங்கள் பொறுப்பு.

சபைக்கூடத்தின் கூரை ஒழுகியபோது புதுக் கூரை போட எல்லோரும் ஒப்பினோம். எல்வுட்டுக்குக் கூரையின் நிறத்தில் ஒரு சங்கடம் இருந்தது. அது ஊறட்டும் என்று வைத்தோம். எங்கள் வழக்கத்தில் எதையும் தள்ளிப்போடுவதில்லை, ஊறவைப்போம். அது ஊறிக்கொண்டிருந்த காலத்தில் நாங்களும் ஊறினோம். பனிக்காலம் முழுவதும் பெஞ்சுகளுக்கு நடுவே வாளிகள் இருந்தன. சொட்டுச் சொட்டாக விழும் சத்தம் மௌனத்துக்கு ஆழம் கொடுப்பதாக எல்வுட் ஒருநாள் எழுந்து சொன்னார்.

கூரை போனால் போகட்டும். பள்ளிக்கூடம் அப்படியல்லவே.

டான்சி ரன் நண்பர்கள் பள்ளி சின்னப் பள்ளி. எங்கள் சபை நடத்துவது. ஆனால் படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் குவேக்கர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அல்ல. பிள்ளைகளை அடிக்காத, ஆசிரியர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற, வாரத்தில் ஒருநாள் எல்லாப் பிள்ளைகளும் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு பள்ளி ஊரில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். போன கோடையில் பள்ளித் தலைவர், பாலாடைக்கட்டி செய்கிற ஒருவரைக் காதலித்து அவரோடு ஆரிகன் மாநிலத்துக்குப் போய்விட்டார். அவரை யாரும் குறை சொல்லவில்லை. பாலாடைக்கட்டி நன்றாகத்தான் இருந்தது.

அந்த இடத்தில் தற்காலிகமாக உட்காரவைக்கப்பட்டவள் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ரோவீனா டில்லி. காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி உள்ளே அழைப்பாள். விட்டுப்போன குடும்பங்களின் வீட்டுக் கதவைத் தட்டினாள். சமையலறை மேசையில் உட்கார்ந்து அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டாள். போனவர்களில் பாதிப் பேர் கிறிஸ்துமஸுக்குள் திரும்பி வந்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். பள்ளியின் பொறுப்பாளர்கள் சபையிடம் ஒன்று மட்டும் சொன்னார்கள்: மார்ச் மாதக் கூட்டத்துக்குள் நிரந்தரத் தலைவர் ஒருவரை நியமித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருஷத்துக்குப் பிள்ளைகளைப் பதிவு செய்யப் பெற்றோர்கள் தயங்குவார்கள், பள்ளியை இந்த ஜூனோடு இறக்கிவைக்க வேண்டியிருக்கும். நாங்கள் எதையும் மூடுவதில்லை. இறக்கிவைப்போம்.

ரோவீனாவையே நியமிக்கலாம் என்று செப்டம்பரில் முதன்முறையாகப் பேச்சு வந்தது. பெஞ்சுக்குப் பெஞ்சு தலைகள் ஆடின. மௌனம் விழுந்தது. ஆழமானது.

கை நீண்டது.

அன்றைக்கு எல்வுட்டின் சங்கடம், ரோவீனா எங்கள் சபையைச் சேர்ந்தவள் இல்லையே என்பது. அவள் லூதரன் கோயிலில் பாடுகிறவள். இதை அக்டோபர் வரைக்கும் ஊறவைத்து, அது ஒரு தடையில்லை என்று எல்வுட் உட்பட எல்லோரும் தெளிந்தோம். அக்டோபரில் அவருக்கு வந்த சங்கடம், அவள் இந்தப் பதவியை விரும்புகிறாள் என்பது. பதவியை விரும்புகிறவர்களிடம் பதவியைக் கொடுப்பது நம் வழியா என்று ஜன்னலிடம் கேட்டார். ரோவீனா இதைக் கேள்விப்பட்டு, தனக்குப் பதவி முக்கியமில்லை, பிள்ளைகளோடு இருந்தால் போதும் என்று சொல்லியனுப்பினாள். நவம்பரில் எல்வுட் எழுந்தார். மனமில்லாத ஒரு பெண்ணின் தலையில் இவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றலாமா? டிசம்பரில், இவ்வளவு முக்கியமான முடிவை இப்படி அவசரப்பட்டு எடுக்கிறோமே என்றார். ஜனவரியில் தலைவர் என்ற சொல்லே அவருக்கு உறுத்தியது. நண்பர்களுக்கு நடுவில் தலை ஏது, வால் ஏது? அன்றைக்கு இரண்டு பெரியவர்கள், இந்த நண்பர் என் மனதைச் சொன்னார் என்று முணுமுணுத்தார்கள். அதுவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த குடும்பங்கள் அடுத்த வாரத்திலிருந்து வெவ்வேறு பெஞ்சில் உட்கார்ந்தன. எங்கள் ஊர்க் கணக்கில் அது கத்திக்குத்துக்குச் சமம்.

பெற்றோர்கள் சும்மா இருப்பார்களா? ரோவீனாவின் பெயரை எழுதிய பலகைகளை வீட்டுப் புல்வெளிகளில் நட்டார்கள். பலகைகள் கொஞ்சம் சத்தமாக இருப்பதாக எங்கள் சபையில் சிலர் வருத்தப்பட்டார்கள். பிறகு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு பேச்சுவார்த்தை வைத்தோம். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து அந்த உடுப்போடு நேராக வந்திருந்த மார்லா ஜென்டைல் என்ற நர்ஸ், எங்கள் கூட்டங்களை நடத்துகிற லெடிஷியா ஹோக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ரோவீனா வேணாம்னு யாருங்க சொல்றாங்க?"

"யாரும் வேணாம்னு சொல்லலைங்க," என்றாள் லெடிஷியா.

"அப்ப எல்லாரும் வேணும்ங்கறீங்க."

"அப்படியும் சொல்ல முடியாதுங்க. ஒருத்தருக்கு மட்டும் கொஞ்சம் சங்கடமா இருக்கு."

"எங்க ஆஸ்பத்திரில வயித்த சங்கடம் பண்ணுதுன்னு வந்தா மாத்திரை குடுத்து அனுப்பிருவோம். நீங்க என்ன பண்றீங்க?"

"நாங்க அவர ஒளியில வெச்சு வேண்டிக்கிட்டிருக்கோம்."

"எப்பலேந்து?"

"செப்டம்பர்லேந்து."

"இந்நேரம் கருகியிருப்பாரேம்மா," என்றாள் மார்லா.

லெடிஷியாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. அவள் கூட்டம் நடத்துகிறவள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சங்கடக்காரர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எவ்வளவு வசதி! எல்வுட் தன் தோட்டத்து ஆப்பிளை ஒரு கூடை நிறைய ரோவீனாவின் வாசலில் வைத்துவிட்டுப் போவார். பள்ளி வாசலில் கதவின் கீல் முறிந்தபோது யாரும் கேட்காமலே வந்து சரி செய்தவர் அவர்தான். கூட்டத்தில் அவள் பேரைத் தள்ளிவைத்த மறுநாள் காலை அது. உள்ளே போன ரோவீனாவை நிறுத்தி, "உங்க மேல எனக்கு ரொம்ப மதிப்பு, ரோவீனா," என்றார்.

"தெரியும், எல்வுட். அதான் பயமா இருக்கு."

அவர் அதை ஆழ்ந்து யோசித்தார். அது ஒரு நல்ல வார்த்தை என்று மகிழ்ந்து, அடுத்த கூட்டத்தில் மேற்கோள் காட்டினார்.

பிப்ரவரியில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியொன்று ரோவீனாவைக் கூப்பிட்டது. நல்ல பள்ளி, நல்ல கூரை. மார்ச் கூட்டம் முடிந்த திங்கட்கிழமை பதில் சொல்கிறேன் என்று தவணை வாங்கினாள். தனியாக இருக்கிறவள், டான்சி ரன்னில்தான் இத்தனை காலமும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், அந்தப் பள்ளிக்கூடம்தான் அவளுக்கு வீடு மாதிரி. தொலைக்காட்சித் தொடராக இருந்தால் இந்த இடத்தில் மழை பெய்திருக்கும், யாராவது வயலின் வாசித்திருப்பார்கள். மார்ச் மாதச் சேறுதான் இருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வேலியோரம் சூரியகாந்தி விதைக்கலாமா என்று கேட்டார்கள். விதைத்தால் கோடை முடிந்து பள்ளி திறக்கும்போது பூத்திருக்கும். ரோவீனா விதைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பார்க்கலாம் என்றாள். எட்டு வயசுப் பிள்ளைக்குப் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதா?

சரி, எல்வுட்டின் சங்கடத்தைத் தெளிவாக்க எங்களிடம் ஒரு வழி இருந்தது. மூன்று பேர் அவர் வீட்டுக்குப் போய் உட்காருவது. எங்கள் வழக்கப்படி இந்த மூவரும் புத்தி சொல்லக் கூடாது, வாதாடக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம், அதுவும் பதில் நமக்குத் தெரியாத கேள்வியாக இருக்கவேண்டும். "ஏன்யா இப்படி உயிர வாங்கறே?" என்பது இலக்கணப்படி கேள்விதான். ஆனாலும் அந்தக் கணக்கில் சேராது. மூவரில் நான் ஒருத்தி. நாங்கள் என்ன கேட்டோம் தெரியுமா? எல்வுட், இந்தச் சங்கடம் உங்களுக்குள்ளே எங்கே உட்கார்ந்திருக்கிறது? அது வளர்ந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா? அதற்கு ஒரு நிறம் உண்டா? இப்படியெல்லாம் கேட்டால் எந்த மனுஷன்தான் தன் சங்கடத்தை விட்டுக்கொடுப்பான்? எல்வுட் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. சாம்பல் நிறம் என்றார். பிறகு யோசித்து, நீலம் கலந்த சாம்பல் என்று திருத்தினார்.

நாங்கள் போன ஒவ்வொரு தடவையும் பிரிசில்லா இஞ்சி பிஸ்கட்டும் தேநீரும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போவாள். சின்ன உருவம், கச்சிதமாக வாரிய வெள்ளை முடி. செவ்வாய்க்கிழமைதோறும் பள்ளி நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறவள். பிள்ளைகள் அவள் மடியில் ஏறுவதற்கு முறை வைத்துக்கொள்வார்கள். சபையில் அவள் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. இவ்வளவு காலமும் அவள் கை மட்டும்தான் பேசியிருக்கிறது, அதுவும் எல்வுட்டுக்காக.

கடைசி முறை நாங்கள் விடைபெற்றுத் தெருவுக்கு வந்த பிறகு நான் குடையை மறந்து வைத்தது ஞாபகம் வந்தது. (நான் கதவை அறைந்து சாத்தவில்லை.) திரும்பிப் போனபோது சமையலறையில் பேச்சுக் குரல்.

"பள்ளிக்கூடம் இல்லன்னா செவ்வாக்கெழமை நான் எங்க போறது, எல்வுட்?"

"நல்ல கேள்வி, பிரிசில்லா. இந்தக் கேள்வியோட நாம கொஞ்ச நேரம் உக்காந்திருப்போம்."

"நான் எழுந்து பாத்திரம் கழுவணும்," என்றாள் பிரிசில்லா.

குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. குடையை எடுக்காமலே வந்துவிட்டேன்.

மார்ச் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்த கையோடு தொடங்கியது. கூடம் நிறைந்திருந்தது. பெற்றோர்களும் உட்கார்ந்து பார்க்கலாம் என்று லெடிஷியா சொல்லியிருந்ததால் மார்லா வந்திருந்தாள், இந்த முறை நல்ல உடுப்பில். ரோவீனா கதவுக்குப் பக்கத்துப் பெஞ்சில், கோட்டைக் கழற்றாமல், கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்த நீளமேசையில் மதிய விருந்துப் பாத்திரங்கள்: மக்ரோனி, சிக்கன் பை, மூன்று வீட்டிலிருந்து வந்த ஒரே மாதிரியான பீன்ஸ். எங்களைப் பார்த்தபடி போட்டிருக்கிற முன்பெஞ்சில் எல்வுட், பக்கத்தில் பிரிசில்லா. கூட்டத்தை முடித்துவைக்கும் முறை அந்த மாதம் பிரிசில்லாவுடையது.

முடித்துவைப்பது என்றால் பெரிய காரியமில்லை. எங்களுக்கு மணி கிடையாது, ஆசீர்வாதம் கிடையாது. முறை வந்தவர் பேசி முடிந்ததை உணர்ந்து பக்கத்திலிருப்பவரோடு கை குலுக்குவார். அவர் அடுத்தவரோடு. ஒரு நொடியில் கூடம் முழுக்கக் கைகள் குலுங்கும், எல்லோரும் எல்லோருக்கும் குட் மார்னிங் சொல்வார்கள். பகல் தாண்டியிருந்தாலும் குட் மார்னிங்தான். அதோடு கூட்டம் முடிந்தது. முடிந்த கூட்டத்தை மறுபடி திறக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. யாருக்காவது ஏதாவது சொல்ல இருந்தால் அடுத்த மாதம்.

லெடிஷியா எழுந்து தீர்மானத்தை வாசித்தாள். ரோவீனா டில்லியைப் பள்ளியின் தலைவராக நியமிப்பதில் சபையின் மனம் இசைகிறது என்று ஒரே வரி. "நண்பர்களே, இது நம்ம மனசைச் சொல்லுதா?" என்று கேட்டாள். ஒப்புகிறோம் என்ற முணுமுணுப்பு பெஞ்சு பெஞ்சாக எழுந்து அடங்கியது. ஜனவரியில் எல்வுட்டின் பக்கம் சாய்ந்த இரண்டு பெரியவர்களும் ஒப்பினார்கள். அவர்களுடைய பேத்திகள் மூன்றாம் வகுப்பில் படித்தார்கள்.

மௌனம் விழுந்தது.

அது அவருக்காக விட்ட மௌனம் என்று எல்லோருக்கும் தெரியும். அடுப்பில் கட்டை ஒன்று வெடித்தது. எல்வுட் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படியொரு அமைதி. இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்த ஒருவருக்கு மட்டும் வாய்க்கிற அமைதி. மௌனம் ஆழமானது. இன்னும் ஆழமானது. மார்லா மூச்சு விட்டாள். நானும் விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

கை நீண்டது.

பின்மேசையில் யாரோ மக்ரோனியை மூடினார்கள். ரோவீனா கோட்டின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள்.

பிரிசில்லா திரும்பி அந்தக் கையைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு அதைப் பிடித்தாள். தூக்கவில்லை. மேலும் கீழுமாக, உறுதியாக, மூன்று தடவை குலுக்கினாள்.

"குட் மார்னிங், எல்வுட்."

யோசிக்க யாருக்கும் நேரமில்லை. தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம் கையில்தானே இருக்கிறது, தலையில் இல்லையே. எனக்குத் தெரியுமுன் என் கை பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துவிட்டது. குட் மார்னிங், குட் மார்னிங் என்று கூடம் முழுக்கப் பரவியது. பிரிந்து உட்கார்ந்த குடும்பங்கள் நடைவழியின் குறுக்கே எட்டிக் கை கொடுத்துக்கொண்டன. மார்லா ஒவ்வொருவர் கையையும் இரண்டு தடவை குலுக்கினாள். பாதி எழுந்தும் எழாமலும் முழங்கால் மடங்கி நின்ற எல்வுட், "நண்பர்களே, எனக்கு..." என்றார். அதற்குள் நான்கு பேர் அவர் வலது கையைக் குலுக்கிவிட்டார்கள். இடது கை இன்னும் பிரிசில்லாவிடம்தான் இருந்தது.

லெடிஷியா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிரிசில்லாவைப் பார்த்தாள். தீர்மானத்துக்குக் கீழே 'ஒப்பப்பட்டது' என்று எழுதினாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, பக்கத்திலிருந்தவரோடு கை குலுக்கினாள்.

சாப்பாட்டு மேசையில், சிக்கன் பையை வெட்டிக்கொண்டே, லெடிஷியா தாழ்ந்த குரலில் கேட்டாள்: "பிரிசில்லா, கொஞ்சம் முன்னாடியே முடிச்சிட்டீங்களோ?"

"கை வந்துச்சு. குலுக்கினேன்," என்றாள் பிரிசில்லா. "பீன்ஸ் போட்டுக்கறீங்களா?"

கதவோரப் பெஞ்சில் ரோவீனா, மேலிருந்து பாதி பொத்தான் போட்ட கோட்டோடு, இன்னும் உட்கார்ந்தே இருந்தாள். மார்லா போய் அவள் முன்னால் நின்றாள். "அழறதுனா அப்பறமா அழுங்க தலைவரே. மக்ரோனி ஆறுது."

எல்வுட் என்ன ஆனார் என்றுதானே கேட்கிறீர்கள்? ஒன்றும் ஆகவில்லை. இந்த இனத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏப்ரல் மாதம், தன் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்தார். நியமனத்தில் ஆட்சேபம் எதுவும் இல்லை என்றார். கூட்டம் முடிந்த விதத்தில் மட்டும் உள்ளே ஒரு சங்கடம். அதற்கு ஒரு குழு போட்டிருக்கிறோம். அது ஊறிக்கொண்டிருக்கிறது. நன்றாக ஊறட்டும். இப்போது புதிதாக வருகிற பெற்றோர்களை அவரே மரங்களுக்கு அடியில் அழைத்துப்போய், இந்தப் பள்ளி எப்படிப் பிழைத்தது என்று சொல்கிறார். "எல்லாரும் தயங்கினாங்க. அன்னைக்கு நான் கையை நீட்டினேன் பாருங்க, அதுலதான் வழி திறந்துச்சு." பொய் சொல்லவில்லை. மனதார நம்புகிறார். யோசித்தால் உண்மையும்கூட.

வேலியோரம் பிள்ளைகள் சூரியகாந்தி விதைத்தார்கள். எல்வுட் நூல் பிடித்து அளந்து, வரிசை ஒரு விரல் அளவு கோணல் என்று சங்கடப்பட்டார். செவ்வாய்க்கிழமை என்பதால் பிரிசில்லா அங்கே இருந்தாள். பிள்ளைகளைப் பார்த்து, மூடுங்க என்றாள். மண்ணை மூடினார்கள்.

இவ்வளவும் எங்கோ பென்சில்வேனியாவில் நடந்தது, அந்த மனிதர்களே அப்படித்தான் என்று நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்துகொள்கிறீர்கள். நல்லது. உங்கள் அடுக்குமாடிச் சங்கத்தில் லிஃப்ட் மாற்றுவதைப் பற்றிப் பேசினார்களே, அன்றைக்கு "எனக்கு ஒண்ணும் இல்ல, உங்க இஷ்டம்" என்று ஆரம்பித்தது யார்? இன்றைக்கும் ஐந்தாவது மாடிக்காரர்கள் படியில்தானே ஏறுகிறார்கள்? உங்கள் மகள், தான் கட்டிக்கொள்ளப் போகிற பையனைக் கூட்டிவந்தபோது, பையன் தங்கமானவன் என்று முழு மனதோடு சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு 'ஆனா' போட்டீர்களே, அது எந்த ஊர் வழக்கம்? நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்களா? இருக்கலாம். எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை.

இதைப் படித்து முடிக்கிற இந்த நிமிஷத்தில், எழுதியதெல்லாம் சரிதான், இருந்தாலும் உள்ளே ஏதோ ஒன்று இடிக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றினால், அதைச் சொல்ல எழுந்திருக்கத் தோன்றினால், தாராளமாக எழுந்திருங்கள். கையை நீட்டுவதற்கு முன்னால் மட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் திரும்பிப் பார்க்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.